ஆமா, இல்ல, கிட்டத்தட்ட ஆமா!

1950-களில் நியூயார்க்கின் ஒரு தொலைக்காட்சி அரங்கம். கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே வந்து அமர்ந்திருக்கும் பிரபலம் யார் என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்கலாம். 'வாட்ஸ் மை லைன்?' என்ற அந்த நிகழ்ச்சி 1950 முதல் 1967 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓடியது. குரலை மாற்றிப் பேசியும் முனகியும் பிரபலங்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஓவியர் சால்வடோர் டாலி வந்த அன்று அதெல்லாம் தேவைப்படவில்லை. மேடையோடு தொடர்புள்ளவரா? ஆமாம். எழுதுவாரா? ஆமாம். விளையாட்டு? அதற்கும் ஆமாம்தான். நிகழ்ச்சியை நடத்திய ஜான் டேலி குறுக்கே புகுந்து, 'அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்கிற பாணியில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

டாலி சொன்னது பெரும்பாலும் உண்மை என்பதுதான் வேடிக்கை. அவர் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் வரும் கனவுக் காட்சிக்கு வேலை பார்த்திருக்கிறார். ஆனால் அந்த உண்மைகளை வைத்துக்கொண்டு அவரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த ஆட்டம்தான் இன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் ஜூம் அழைப்புகளிலும் கூகுள் மீட்டிலும் நடக்கிறது. ஒருவர் ஒரு பிரபலத்தை மனசில் நினைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வியாகக் கேட்டு, 20 கேள்விக்குள் பெயரைப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, கேள்வி கேட்பவர்தான் புத்திசாலி, பதில் சொல்பவர் சும்மா தலையாட்டுகிறவர் என்று தோன்றும். நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் பதில் சொல்பவர்தான்.

பழைய ஆட்டம் இது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில், விருந்துக்கு வந்தவர்கள் இதைத்தான் ஆடுகிறார்கள். வீட்டுக்காரர் ஃபிரெட் ஒன்றை நினைத்துக்கொள்கிறார். கேள்விகளிலிருந்து அது ஒரு பிராணி, எரிச்சலூட்டும் பிராணி, உறுமும், சில சமயம் பேசவும் செய்யும், லண்டனில் வசிக்கிறது என்று தெரிகிறது. குதிரையா, மாடா, புலியா, கரடியா என்று வரிசையாகக் கேட்டுத் தோற்ற பிறகு, அது ஃபிரெட்டின் மாமா ஸ்க்ரூஜ் என்று ஒரு பெண் பிடித்துவிடுகிறாள். உடனே ஒரு தகராறு கிளம்புகிறது: 'கரடியா?' என்று கேட்டபோதே 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று சிலர் ஆட்சேபம் தெரிவிக்கிறார்கள். இன்றைய வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டை, எழுத்துக்கு எழுத்து அதேதான்.

வானொலி வந்ததும் ஆட்டம் வரவேற்பறையைத் தாண்டியது. செய்தி வாசிப்பாளர் ஃபிரெட் வான் டெவென்டர் தன் வீட்டில் குடும்பத்தோடு ஆடிய விளையாட்டை 1946-ல் அமெரிக்காவின் மியூச்சுவல் வானொலிக்குக் கொண்டுபோனார். மனைவியும் பிள்ளைகளும்கூட நிகழ்ச்சியில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே பி.பி.சி. தன் 'ட்வென்டி குவெஸ்சன்ஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டது. வானொலி நேயர்களுக்கு விடையை முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லிவிடுவார்கள். விடை தெரிந்தவர்களுக்குத்தான், தெரியாதவர்கள் தடுமாறுவதைக் கேட்கச் சுகமாக இருக்கும்.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆட்டம் தலைகீழாகப் போனது. கைரளி டிவியின் 'அஸ்வமேதம்' நிகழ்ச்சியில் போட்டியாளர் பெயரை நினைத்துக்கொள்வார்; நடத்துநர் ஜி.எஸ். பிரதீப் கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பார். அவருக்கு 21 கேள்விகள். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் எதிரே நிற்க, சாதாரண ஆள் ஒருவர் ஆமாம் இல்லை சொல்லியே அவரைத் தோற்கடிக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. மலையாள வீடுகளில் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது.

இணையத்துக்கு இந்த ஆட்டம் கூட்டமாகக் குடிபெயர்ந்தது 2020-ன் ஊரடங்கில். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் பங்கேற்புகள் 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டன. அலுவலகக் கூட்டம் முடிந்த அதே திரையில் மாலையில் நண்பர்கள் கூடினார்கள். அரட்டை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அப்போது யாராவது ஒருவர் 'சரி, நான் ஒருத்தரை நினைச்சுக்கறேன்' என்று ஆரம்பிப்பார்.

ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் சில குழுக்களில் ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் ஒன்றாகப் படித்து இப்போது மூன்று நாடுகளில் இருப்பவர்களுக்கு இது வசதி. சென்னையில் சனிக்கிழமை இரவு 8.30 என்றால் சிங்கப்பூரில் 11 மணி, கோடைக்கால டொராண்டோவில் காலை 11. ஒருவர் தூங்கப் போகும் நேரம், இன்னொருவர் காய் நறுக்கும் நேரம். காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம், சொல்லலாம். சீட்டுக்கட்டோ பலகையோ தேவையில்லை.

ஜெர்மன் அதிகாரி ஒருவர் நெற்றியில் ஒட்டிய சீட்டில் 'கிங் காங்' என்று எழுதியிருப்பதைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கும் காட்சி, டாரன்டினோவின் 2009-ம் ஆண்டுப் படமான 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' வழியாகப் பலருக்குத் தெரியும். தன் நெற்றியில் இருப்பவர் யார் என்று தானே கண்டுபிடிக்கும் இந்த வகையை வீடியோ அழைப்பில் ஆடப்போனால் ஒரு சின்னச் சிக்கல். திரையின் மூலையில் நம் முகமும் நமக்குத் தெரிகிறதே! கண்ணாடியில் பார்ப்பது போல எழுத்து இடவலமாக மாறித் தெரிந்தாலும், 'வடிவேலு' என்று எழுதியிருப்பதைப் படிக்க யாருக்கும் ரொம்ப நேரம் ஆகாது. ஆகவே சீட்டெல்லாம் கிடையாது. கண்டுபிடிக்க வேண்டியவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் பெயரைத் தனிச்செய்தியாக அனுப்பிவிடுகிறார்கள். அவசரத்தில் பொதுக் குழுவிலேயே பெயரைப் போட்டுவிட்டு, 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்துவதற்குள் எல்லோரும் பார்த்துவிடுவதும் நடப்பதுதான்.

கேள்வி கேட்பதில் உள்ள கணக்கு சுலபம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் பெயர்களைச் சரிபாதியாகப் பிரித்தால், 20 கேள்விகளில் 10,48,576 பேரில் ஒருவரைத் தனியே எடுத்துவிடலாம். 20 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. ஒரு தமிழ்க் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த பிரபலங்கள் சில ஆயிரம்தான் இருப்பார்கள். அவர்களுக்கு 12, 13 கேள்விகளே போதும். ஆனாலும் பலர் 20-ல் தோற்கிறார்கள். காரணம், மூன்றாவது கேள்வியிலேயே 'ரஜினியா?' என்று குதிப்பது. அந்தக் கேள்விக்கு 'இல்லை' வந்தால் ஒரே ஒரு ஆள் குறைகிறார்.

சரிபாதி என்பது எப்போதும் 'ஆணா, பெண்ணா' ஆகாது என்பதற்கு 'கெஸ் ஹூ?' என்ற பலகை விளையாட்டு நல்ல சான்று. 1979-ல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டில் 24 முகங்கள். அதில் 19 ஆண்கள், 5 பெண்கள். 'பெண்ணா?' என்று கேட்டு 'இல்லை' வந்தால் 19 முகங்கள் அப்படியே நிற்கும். இதை உருவாக்கிய தம்பதி தியோ, ஓரா கோஸ்டர். நண்பர்கள் குழுவிலும் நினைக்கப்படும் பெயர்களில் ஆண்களே அதிகம். எம்.எஸ். சுப்புலட்சுமியையோ பி.டி. உஷாவையோ நினைத்தாலே பாதி வெற்றி.

சரி, கேள்வி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பதில் காலை வாரிவிடும். ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மனசில் இருப்பவர் எம்.ஜி.ஆர்.

'பெண்ணா?' இல்லை. 'உயிரோடு இருக்கிறாரா?' இல்லை. 'தமிழ்நாட்டில் பிறந்தவரா?' இல்லை.

மூன்றும் நூறு சதவீதம் சரியான பதில். ஆனால் மூன்றாவது பதிலோடு குழு மொத்தமும் விந்திய மலையைத் தாண்டிவிடுகிறது. காந்தி, நேரு, தாகூர் என்று மனசு ஓடுகிறது. அடுத்தவர் 'இந்தியாவில் பிறந்தவரா?' என்கிறார். அதற்கும் இல்லை. எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையின் நாவலப்பிட்டியில் அல்லவா! இப்போது குழு கடல் கடந்து ஐன்ஸ்டீனிடமும் லிங்கனிடமும் போய் நிற்கிறது. 'நடிகரா?' ஆமாம். 'சார்லி சாப்ளின்!' இல்லை. 'புரூஸ் லீ!' இல்லை. 'பாரத ரத்னா வாங்கியவரா?' ஆமாம். ஒரு நிமிடம் அமைதி. பிறகு டொராண்டோவிலிருந்து ஒரு அலறல்: 'அடப்பாவி, எம்.ஜி.ஆரா?'

இதில் பதில் சொன்னவர் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. இருந்தாலும் அனுபவசாலிகள் 'தமிழ்நாட்டில் பிறந்தவரா?' என்பதற்கு 'பிறக்கல, ஆனா அந்தக் கேள்வியோட நோக்கத்துக்கு ஆமா' என்று ஒரு வால் சேர்ப்பார்கள். வால் சேர்க்கலாமா கூடாதா என்பதில் குழுவுக்குக் குழு சட்டம் வேறு. சேர்ப்பதுதான் நியாயம். வெறும் ஆமாம், இல்லை என்பதோடு நின்றுகொண்டால் ஆட்டம் பொது அறிவிலிருந்து பொறிவைப்புக்கு மாறிவிடும். ரஜினிகாந்த் பிறந்தது பெங்களூரு, ஜெயலலிதா மேல்கோட்டை. இந்த ஒரே கேள்வியில் தமிழ்நாட்டின் மூன்று பெரிய பெயர்கள் பட்டியலை விட்டே போய்விடுகின்றன.

விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் இன்னும் கடினம். 1910-ல் லாகூரில் பிறந்தார். அன்று அது பிரிட்டிஷ் இந்தியா, இன்று பாகிஸ்தான். சென்னையில் படித்தார், 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், 1983-ல் நோபல் பரிசு வாங்கினார். 'இந்தியரா?' என்ற கேள்விக்கு இவர் விஷயத்தில் எந்தப் பதில் சொன்னாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். முத்தையா முரளிதரனை நினைத்தால், 'தமிழரா?' என்பதற்கு ஆமாம், 'இந்தியரா?' என்பதற்கு இல்லை. அந்த இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் கிரிக்கெட் ரசிகர்களுக்கு வேறு கேள்வியே வேண்டாம்.

தெரியாமல் சொல்லும் தப்பு இன்னொரு ரகம். நினைத்தவருக்கே தான் நினைத்த ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்காது. அவர் உயிரோடு இருக்கிறாரா, தேசிய விருது வாங்கினாரா, எந்த ஊர்? அந்த இடத்தில் கூகுள் வருகிறது. கேட்பவர் கூகுளைத் தொட்டால் அது மோசடி. பதில் சொல்பவர் சந்தேகம் இருந்தும் தொடாவிட்டால், அதுதான் மோசடி.

ஒரே ஒரு தப்புப் பதிலுக்கு என்ன விலை? கணிதக்காரர்கள் இதைத் துல்லியமாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். போலந்து-அமெரிக்கக் கணிதமேதை ஸ்டானிஸ்லா உலாம் 1976-ல் வெளியான தன் சுயசரிதையில் ஒரு கேள்வி எழுப்பினார். ஒருவர் பத்து லட்சம் வரை ஏதோ ஒரு எண்ணை நினைக்கிறார். 20 கேள்விகளில் பிடித்துவிடலாம். ஆனால் நடுவே ஒரு முறை பொய் சொல்ல அவருக்கு அனுமதி உண்டு என்றால்? 1987-ல் ஆண்ட்ஜெய் பெல்ட்ஸ் விடை கண்டார்: 25 கேள்விகள் வேண்டும். எண்ணைக் கண்டுபிடிப்பதோடு, எந்தப் பதில் பொய், அல்லது பொய்யே இல்லையா என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் அந்த ஐந்து கூடுதல். இது ஒரு பொய் இருக்கலாம் என்று முன்பே எச்சரித்துவிட்ட ஆட்டத்துக்கு. நண்பர்கள் குழுவில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. ஏழாவது கேள்வியில் வந்த தப்புப் பதிலை நம்பி மீதி 13 கேள்விகளையும் வீணடிப்பார்கள்.

இயந்திரங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. தலைப்பாகை கட்டிய பூதம் ஒன்று நாம் நினைத்தவரைக் கண்டுபிடிக்கும் 'அகினேட்டர்' 2007-ல் பிரான்ஸின் எலோகென்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. ஆமாம், இல்லை என்ற இரண்டோடு 'தெரியாது', 'இருக்கலாம்', 'இருக்காது என்று நினைக்கிறேன்' என்ற மூன்று பதில்களையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு பதில் இடித்தாலும் ஆளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாது; சற்றுக் கீழே தள்ளி வைக்கும், அவ்வளவுதான். அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிவதற்குக் காரணம், முன்பு ஆடியவர்கள் சொல்லிவிட்டுப் போன பதில்கள். கனடாவின் ராபின் பர்கனர் 1988-ல் தொடங்கிய '20க்யூ' என்ற நிரலும் இப்படி ஆடுபவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டு வளர்ந்து, பின்னால் உள்ளங்கையில் அடங்கும் பொம்மையாகக் கடைக்கு வந்தது.

விடையை நெருங்கியபின் வரும் அவஸ்தை தனி. 'அந்தப் படத்துல வருவாரே, மீசை வெச்சிருப்பார், பேரு... ச-வுல ஆரம்பிக்கும், மூணு எழுத்து!' முகம் வந்துவிட்டது, பெயர் தொண்டையில் நிற்கிறது. 1966-ல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் இதைச் சோதித்தார்கள். அகராதி விளக்கத்தைப் படித்துக் காட்டி, அதற்குரிய அரிய சொல்லைக் கேட்டார்கள். சொல் வாய்க்கு வராதவர்களில் பலர் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் மட்டும் சரியாகச் சொன்னார்கள். ஆகவே 'ச-வுல ஆரம்பிக்கும்' என்பவரைச் சமாளிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான ஆட்டம், 'கருந்துளை' என்ற பெயரைப் பரவலாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலருக்கு வாய்த்தது. ஓர் இரவு விருந்துக்குப் பிறகு அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு நண்பர்கள் சொல்லை முடிவு செய்கிறார்கள். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தால் எல்லோர் முகத்திலும் நமட்டுச் சிரிப்பு. கேள்வி கேட்கக் கேட்க, பதில் வரத் தாமதமாகிக்கொண்டே போகிறது. ஆமாம், இல்லை சொல்ல இத்தனை யோசனையா? கடைசியில் அவர் 'மேகமா?' என்று கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் நெடுநேரம் யோசித்து 'ஆமாம்' என்றதும் அறையே வெடித்துச் சிரிக்கிறது. யாருமே எந்தச் சொல்லையும் நினைத்திருக்கவில்லை! ஒவ்வொருவரும் இஷ்டப்படி பதில் சொல்லலாம், ஆனால் அதுவரை வந்த எல்லாப் பதில்களுக்கும் பொருந்தும் ஏதோ ஒரு பொருளாவது அவர் மனசில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் போட்டுக்கொண்ட விதி. வீலர் இதைக் குவாண்டம் உலகத்தை விளக்கப் பயன்படுத்தினார்: நாம் என்ன கேட்கிறோம் என்பதும் சேர்ந்துதான் அங்கே விடையை உண்டாக்குகிறது என்றார்.

இன்று சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலியிடம் 'நீ ஒருத்தரை நினைச்சுக்கோ, நான் கண்டுபிடிக்கிறேன்' என்று ஆடுபவர்கள், தெரியாமலே வீலரின் நிலையில்தான் இருக்கிறார்கள். முர்ரே ஷனஹனும் இரண்டு சகாக்களும் 2023-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இதே ஆட்டத்தை உதாரணம் காட்டினார்கள். கேள்விகள் முடிந்தபின் விடையைச் சொல்லச் சொன்னால் செயலி ஒன்றைச் சொல்லும். அந்த இடத்திலிருந்து பதிலை மறுபடி உருவாக்கச் சொன்னால் வேறொன்றைச் சொல்லும். அதுவும் முந்தைய பதில்களுக்குப் பொருந்தும். முதலில் எதையும் நினைத்து வைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மனிதர்களும் இதைச் செய்வதுண்டு. விடை நெருங்குவதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் ஆளை மாற்றிவிடுகிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அதனால் விவரமான குழுக்களில் ஆட்டம் தொடங்கும் முன்பே பெயரை எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொண்டால் போதும், நேரத்தோடு பதிவாகிவிடும். முடிந்ததும் அதைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். கேள்விகளும் பதில்களும் வரிசையாக அரட்டையில் கிடப்பதால் மறுவிசாரணையும் சுலபம். 'நாலாவது கேள்வி, எம்.பி. ஆனவரான்னு கேட்டேன், இல்லைன்னே. இளையராஜா 2022-லேயே ராஜ்யசபாவுக்குப் போயாச்சு!' 'அது நியமன உறுப்பினர்டா, எலெக்‌ஷன்ல நிக்கலையே.' 'எலெக்‌ஷன்னு யாரு கேட்டா?' இலவச ஜூம் அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துபோனால் வழக்கு வாட்ஸ்அப்புக்கு மாறி, சிங்கப்பூர்க்காரர் தூங்கி எழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.